சின்னத்திரையில் சீறிய மோட்டார் சைக்கிள்

இன்று நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம், "உங்களுக்கு மோட்டார் சைக்கிள் மீது ஆசை எப்போது பிறந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் உறவினர் வைத்திருந்த புல்லட்டைச் சொல்வார்கள். சிலர் திரைப்படக் கதாநாயகனைச் சொல்வார்கள். ஆனால், சற்று யோசித்துவிட்டு, "அந்தக் காலத்து டி.வி.யில் ஒரு கறுப்பு வண்டி வருமே!" என்று முகம் மலர்பவர்களும் உண்டு. கதையின் பெயர் மறந்திருக்கும். நடிகரின் பெயர் தெரிந்தே இருக்காது. அந்த வண்டி மட்டும் மனத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு பெட்டிக்குள் தெரிந்த நிழல் எப்படி ஒரு தலைமுறையின் ஆசையாக மாறியது? அந்தத் திரை எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது? வரலாற்றையும் இயற்பியலையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

அலை வந்த கதை

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர 16 ஆண்டுகள் ஆயின. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால், அப்போது வெள்ளகோவிலில் எவரேனும் பெட்டி வாங்கி வைத்திருந்தாலும் அதில் வெறும் புள்ளிகள்தாம் தெரிந்திருக்கும். ஏன்?

தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டையானது. ஆகவே, ஒரு கோபுரத்திலிருந்து புறப்படும் அலை குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் தரையை விட்டு மேலே விலகிப் போய்விடும். இந்தத் தொலைவைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, 4.1 ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கிலோமீட்டரில் தொலைவு. 100 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு வர்க்கமூலம் 10. எனவே தொலைவு 41 கி.மீ. சென்னையிலிருந்து வெள்ளகோவில் நேர்கோட்டிலேயே 350 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. அலை நம் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் விண்வெளியை நோக்கிச் சென்றுவிட்டது எனலாம்.

இந்தத் தடையைத் தாண்ட இரு வழிகள் இருந்தன. ஒன்று, விண்ணில் ஏறுவது. 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் 'சேலஞ்சர்' விண்ணோடத்தில் சென்ற 'இன்சாட்-1பி' செயற்கைக்கோள், பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிலைபெற்றது. தில்லி நிகழ்ச்சிகளை அது வாங்கி நாடு முழுதும் திருப்பி அனுப்ப, ஊர்களில் அமைந்த சிறு திறன் பரப்பிகள் அவற்றைப் பெற்று ஒளிபரப்பின. 1984இல் சில மாதங்கள் நாளொன்றுக்கு ஒன்று என்னும் வேகத்தில் இத்தகைய பரப்பிகள் நாட்டில் நிறுவப்பட்டன.

மற்றொரு வழி, மலைமேல் ஏறுவது. பின்னாளில் கொடைக்கானலில் உயர்திறன் ஒளிபரப்பு நிலையம் அமைந்தது. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வர்க்கமூலம் ஏறத்தாழ 46. தொலைவு 188 கி.மீ.! இடையில் வேறு மலைகள் மறைக்காதவரை அலை அவ்வளவு தூரம் வரும். வெள்ளகோவில் அங்கிருந்து ஏறத்தாழ 80 கி.மீ.தான்.

ஆகவே, ஓட்டு வீடுகளின் கூரைமேல் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் அலுமினியக் கம்பிகளாலான ஆன்டெனாவைக் கட்டினார்கள். மீன் முள்ளைப் போன்ற இந்த அமைப்பு 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் கண்ட ஒன்றாகும். அலை வரும் திசையை நோக்கித் திருப்பினால்தான் அது நன்றாக வேலை செய்யும். காற்றடித்துக் குழாய் சற்றே திரும்பிவிட்டால் படம் போய்விடும். உடனே ஒருவர் கூரைமேல் ஏறுவார், மற்றொருவர் பெட்டி முன் நின்று, "வந்துருச்சு, வந்துருச்சு... போயிருச்சு!" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் அந்நாளைய கொங்கு நாட்டு மாலைகளின் ஒரு பகுதியாகவே இருந்தது.

மொழி வேண்டாத காட்சி

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோள் வழியே சிறு பரப்பிகளுக்கு வந்தவை தில்லி நிகழ்ச்சிகள். அவற்றில் பெரும்பாலானவை இந்தி, மற்றவை ஆங்கிலம். நெல்லரவை ஆலையிலும் விசைத்தறியிலும் எண்ணெய்ச் செக்கிலும் வேலை செய்துவிட்டு வந்து பெட்டி முன் அமர்ந்தவர்களுக்கு இரண்டுமே புரியாது. செய்தி புரியாது, நாடகத்தின் நகைச்சுவை புரியாது, யாரோ அழுவது தெரியும், ஏன் அழுகிறார் என்பது தெரியாது.

ஆனால், ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வந்தால், அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. வேகம், திருப்பம், துரத்தல், தப்பித்தல் ஆகிய அனைத்தும் கண்ணுக்கே விளங்கும். சொல் புரியாத இடத்தில் அசைவு பேசியது. எங்கோ வேறு நாட்டில் எடுக்கப்பட்ட காட்சிகள் நம் சிற்றூர்ச் சிறுவர்களின் உள்ளத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும் என்று கருதுகிறேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் 1969-70இல் ஒளிபரப்பான 'தென் கேம் பிரான்சன்' என்னும் தொடரில், செய்தியாளன் ஒருவன் வேலையை உதறிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுவான். 1977 முதல் 1983 வரை ஓடிய 'சிப்ஸ்' தொடரில், கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவலர் இருவர் மோட்டார் சைக்கிளில் வலம் வருவார்கள். இவை கற்பனைக் கதைகள். இவற்றோடு உண்மை நிகழ்ச்சிகளும் தொலைக்காட்சியில் வந்தன. 1975 அக்டோபர் 25ஆம் நாள் ஈவல் நீவல் என்னும் சாகச வீரர் வரிசையாக நிறுத்திய 14 பேருந்துகளை மோட்டார் சைக்கிளில் தாண்டியதைப் பல இலட்சம் பேர் வீட்டிலிருந்தே பார்த்தனர். தாண்டிய தூரம் ஏறத்தாழ 40 மீட்டர். ஏறுதளத்தின் சாய்வு 20 பாகை என்று வைத்துக்கொண்டு, எறிபொருள் இயக்கத்துக்கான சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஏறத்தாழ 90 கி.மீ. வேகம் போதும் என்பது தெரியும். அதே வீரர் ஐந்து மாதங்களுக்கு முன் இலண்டனில் 13 பேருந்துகளைத் தாண்டி இறங்குகையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வேகத்தைக் கணக்கிடுவது எளிது, இறங்குவதுதான் கடினம்!

தெருவுக்கு வந்த வண்டிகள்

திரையில் ஆசை பிறந்த அதே ஆண்டுகளில் நம் தெருக்களிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முன் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் மூன்றே பெயர்கள்தாம் பெரிதும் பேசப்பட்டன. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் ஒன்று. அது திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவானது. மைசூரின் ஜாவா, பின்னாளில் யெஸ்டி என்று பெயர் பெற்றது, மற்றொன்று. எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் மூன்றாவது. இவை கனமானவை. எல்லாருக்கும் எட்டக்கூடியவையும் அல்ல.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு வண்டி பால் கேனையும் தீவனக் கட்டையும் பனியன் மூட்டையையும் சுமந்து கொங்கு நாட்டின் உழைப்பாளியாகவே ஆகிவிட்டது. பின்னர் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவோடு 100 சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. 1984இல் இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100. தூர்தர்ஷனில் 1976 முதலே விளம்பரங்களுக்கு இடமளிக்கப்பட்டிருந்ததால், இந்த வண்டிகளும் சின்னத்திரையில் ஓடின. 1989இல் வந்த 'ஹமாரா பஜாஜ்' விளம்பரத்தின் மெட்டை, இந்தி தெரியாதவர்களும் முணுமுணுத்தனர். விளம்பரப்பட்டது ஸ்கூட்டர்தான் என்றாலும், இரு சக்கர வண்டி குடும்பத்தின் பெருமை என்னும் எண்ணத்தை அது நிலைநாட்டியது.

ஆர்.எக்ஸ். 100 வண்டியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 98 சி.சி. இரு வீச்சு எஞ்சின், 11 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 100 கிலோகிராம். 1996இல் உற்பத்தி நின்றுபோன பின்னரும் இன்றுவரை அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. இனி வரும் கணக்குக்கு இந்த எண் நமக்குத் தேவைப்படும்.

கறுப்பு வண்டியின் கணக்கு

இப்போது அந்தக் கறுப்பு வண்டிக்கு வருவோம். 'ஸ்ட்ரீட் ஹாக்' என்பது அத்தொடரின் பெயர். அமெரிக்காவில் 1985 சனவரி முதல் மே வரை 13 பகுதிகளே ஒளிபரப்பாயின. அங்கே அது பெரு வெற்றி பெறவில்லை. தூர்தர்ஷன் வழியாக நம் நாட்டுக்கு வந்தபோதோ, அது சிறுவர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. காலில் அடிபட்ட காவலர் ஒருவர், அரசின் இரகசியத் திட்டத்தில் உருவான வண்டியில் இரவில் வலம் வந்து குற்றவாளிகளைப் பிடிப்பார். அவர் பெயர் ஜெஸ்ஸி மாக். ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு வேகத்தை அளக்கும் 'மாக் எண்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரிய இயற்பியலறிஞர் எர்ன்ஸ்டு மாக்கின் பெயரால் அமைந்தது அது. கதாநாயகனின் பெயரிலேயே வேகம் ஒலிக்கிறது.

அந்த வண்டி மணிக்கு 300 மைல், அதாவது ஏறத்தாழ 483 கி.மீ. வேகத்தில் செல்லும் என்று தொடரின் தொடக்கத்திலேயே அறிவிப்பார்கள். அந்த வேகத்தில் வெள்ளகோவிலிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள காங்கயத்துக்கு இரண்டரை நிமிடத்தில் போய்விடலாம்! இது இயலுமா?

வேகமாகச் செல்லும் வண்டிக்குப் பெரும் எதிரி காற்று. காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அந்தத் தடையை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. மும்மடங்கானால் 27 மடங்கு. ஆர்.எக்ஸ். 100 வண்டி தன் 11 குதிரைத்திறனையும் செலவிட்டு 100 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. 483 கி.மீ. என்பது அதைப்போல் 4.83 மடங்கு. 4.83இன் கனம் ஏறத்தாழ 113. எனவே, அதே உருவமுள்ள வண்டிக்கு ஏறத்தாழ 1,200 குதிரைத்திறன் வேண்டும்! வடிவத்தைக் கூர்மையாக்கித் தடையைப் பாதியாக்கினாலும் 600 குதிரைத்திறன். படப்பிடிப்பில் கறுப்பு உறைக்குள் ஓடியவையோ சாதாரண ஹோண்டா வண்டிகள்.

இருப்பினும், 300 மைல் வேகமே இயலாதது என்று சொல்லிவிட முடியாது. 1978ஆம் ஆண்டு ஆகஸ்டில் டான் வெஸ்கோ என்னும் அமெரிக்கர் மணிக்கு 318 மைல், அதாவது ஏறத்தாழ 512 கி.மீ. வேகத்தை இரு சக்கர வண்டியில் எட்டிவிட்டார். ஆனால், அவருடைய வண்டியைப் படத்தில் பார்த்தால் மோட்டார் சைக்கிள் என்றே உங்களுக்குத் தோன்றாது. நீண்ட மீனைப் போன்ற கூட்டுக்குள் அவர் ஏறத்தாழப் படுத்தபடி இருந்தார். இரண்டு எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஓடிய இடம் பல கிலோமீட்டருக்குத் தடையே இல்லாத பான்வில் உப்புப் பாலை. நகரத் தெருவில், நிமிர்ந்து அமர்ந்து, திருப்பத்தில் திரும்பிச் செல்லும் வேகமன்று அது.

படக்கருவியின் வித்தை

அப்படியானால் திரையில் நாம் கண்டது என்ன? திரைப்படம் என்பது வினாடிக்கு 24 அசையாப் படங்கள். படமெடுக்கும்போது வினாடிக்கு 12 படங்கள் மட்டும் எடுத்து, காட்டும்போது 24 ஆகக் காட்டினால் எல்லாம் இரு மடங்கு வேகத்தில் நிகழும். அதோடு படக்கருவியைத் தரையை ஒட்டி வைத்தால், சாலை நம்மை நோக்கிப் பாய்வது போலிருக்கும். 60 கி.மீ. வேகம் 200 கி.மீ.யாக மிரட்டும்.

இதே காரணத்தால் விளையும் மற்றொரு வேடிக்கையையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். வண்டி முன்னே போகும்; சக்கரமோ பின்னோக்கிச் சுழலும். நம் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 படங்கள். ஆறு கால்கள் கொண்ட வார்ப்புச் சக்கரம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சரியாக 60 பாகை சுழன்றால், ஒரு கால் இருந்த இடத்தில் அடுத்த கால் வந்து நிற்கும். சக்கரம் சுழலாதது போலவே தோன்றும். சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ. வேகத்தில் இது நிகழும். வேகம் அதைவிடச் சற்றுக் குறைந்தால், ஒவ்வொரு காலும் சற்றுப் பின்தங்கியே வந்து சேரும். கண்ணுக்குப் பின்னோக்கிய சுழற்சியாகத் தெரியும். திரை பொய் சொல்லவில்லை. இரு படங்களுக்கு இடையே நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

திரை காட்டாத மறுபாதி

அது சொல்லாமல் விட்டவற்றுள் மிக முக்கியமானது, நிற்பது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதை முழுவதும் உராய்வால் செலவழித்தால்தான் வண்டி நிற்கும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 14 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் கழியும் ஒரு வினாடியில் இன்னொரு 14 மீட்டர் ஓடிவிடும். ஆக 28 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில்? பிரேக்குக்கு 56, அந்த ஒரு வினாடிக்கு 28, மொத்தம் 84 மீட்டர். வேகம் இரு மடங்கு; தூரம் மும்மடங்கு. மணலோ மழைநீரோ கிடந்தால் இன்னும் கூடும். கறுப்பு வண்டியின் 483 கி.மீ. வேகத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.4 கி.மீ. வருகிறது. கடைவீதியில் குற்றவாளியைக் கண்டு பிரேக் பிடித்தால் ஊருக்கு வெளியேதான் நிற்க முடியும்!

வெள்ளகோவில் வழியே செல்லும் கோவை-கரூர் நெடுஞ்சாலையில் காலை நேரம் நின்று பாருங்கள். ஆலைக்குச் செல்பவர், பனியன் தொழிற்சாலைக்குச் செல்பவர், கல்லூரி மாணவர் என எத்தனை இரு சக்கர வண்டிகள்! 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 75,000 பேர், இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். கதாநாயகன் விழுந்து எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த எண்ணிக்கை நம்புவதற்கே கடினமாக இருக்கும்.

தலைக்கவசம் என்ன செய்கிறது என்பதையும் கணக்கால் காணலாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை சாலையில் மோதுவதாகக் கொள்வோம். வெறும் தலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்றால், அது உணரும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 500 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கி 25 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அது 60 மடங்காகக் குறைகிறது. உயிருக்கும் சாவுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் நுரை! தலைக்கவசம் சாவின் வாய்ப்பை ஏறத்தாழ 40 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறத்தாழ 70 விழுக்காடும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வாரைக் கட்டாமல் பெட்ரோல் தொட்டியின் மீது வைத்துக்கொண்டு போனால் இந்தப் பயன் கிடைக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணக்குப் போட்ட மனிதர்

ஸ்ட்ரீட் ஹாக் தொடரில் இன்னொரு பாத்திரமும் உண்டு. நார்மன் டட்டில் என்னும் பொறியாளர். வண்டியை வடிவமைத்தவர் அவரே. அது உச்ச வேகத்தில் பாயும்போது, பாதையைக் கணிப்பொறியின் துணையோடு கண்காணித்து வழி சொல்பவரும் அவரே. ஒரு வினாடிக்கு 134 மீட்டர் ஓடும் வண்டியை மனிதக் கையால் மட்டும் செலுத்த முடியாது என்பதைக் கதை எழுதியவர்களும் உணர்ந்தே இருந்தார்கள். ஆனால், பார்த்தவர்கள் ஓட்டியவரை நினைவில் வைத்துக்கொண்டார்கள். மேசை முன் அமர்ந்து வியர்த்துக்கொண்டிருந்த இந்தக் கண்ணாடிக்காரரை மறந்துவிட்டார்கள்.

பழைய தொடர்களை எண்ணி மகிழ்வதில் தவறே இல்லை. அவற்றைப் பார்த்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்றவர்களும், அதையே தொழிலாகக் கொண்டு நல்ல மெக்கானிக்காக உயர்ந்தவர்களும் நம் பகுதியில் உண்டு. அந்த ஆசையோடு கணக்கும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

மாணவர்களே, வீட்டில் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஒருவர் 30 சென்டிமீட்டர் அளவுகோலை மேல்முனையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழ்முனை உங்கள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, தொடாமல், இருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்த பின் பிடித்தால், நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. அதே நேரத்தில் 60 கி.மீ. வேக வண்டி 3.3 மீட்டர் ஓடியிருக்கும். இது எதிர்பார்த்துக் காத்திருந்து பிடித்தது. அடுத்ததாக, அலைபேசியில் பேசிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். அளவுகோல் எங்கே நிற்கிறது, நிற்கிறதா என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்.